வட சஸ்காட்செவனில் ஜூன் மாத பைக் மீன்: தோமான் செட்டையே கொண்டு போகலாமா?

செந்தூல்_9வெயிட் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வரும் ஜூன் இரண்டாவது வாரம் கனடாவில், வட சஸ்காட்செவனில் உள்ள ஓர் ஏரி விடுதியில் இடம் போட்டாயிற்று. சாலை கிடையாது, மிதவை விமானத்தில்தான் இறங்க வேண்டும். ஒரு படகில் இரண்டு பேர், கூடவே கைடு. ஃபிளையில் (மயிர், இறகு, நார் கட்டிய செயற்கை இரை) மட்டும்தான் பிடிக்கப் போகிறோம். குறி ஒரு மீட்டரைத் தாண்டிய நார்தர்ன் பைக் (குளிர்நீர் ஏரிகளின் நீண்ட உடலுடைய வேட்டை மீன்).

கையில் இருப்பது தெமெங்கோர் ஏரியில் தோமானுக்கு (பெரிய விரால் வகை) பயன்படுத்தும் செட்: 9 அடி, 9 வெயிட் (லைனின் கன எண்), நான்கு துண்டு ராட்; பெரிய ஆர்பர் (நடுத்தண்டு) ரீல்; வெப்பமண்டல மிதவை லைன்; 60 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவே வரும் நரம்பு); 2/0 முள்ளில் (எண் கூடினால் முள் பெரிது) கட்டிய 10 செ.மீ. ஃபிளைகள். இதில் எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்? அங்கே போன பிறகு கடை எதுவும் இல்லை என்பதால் இங்கேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மூட்டை ஆளுக்கு 50 பவுண்டுதான் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள்.

பாயான்லெப்பாஸ்_ஃபிளை

ராட், ரீல் இரண்டும் சரி. லைனை மாற்றியே ஆக வேண்டும்.

வெப்பமண்டல லைன் நம் ஊரின் 30 டிகிரித் தண்ணீரில் துவளாமல் இருப்பதற்காக விறைப்பான நடுநாரும் கெட்டியான மேல்பூச்சும் வைத்துச் செய்யப்படுவது. ஜூனில் அந்த ஏரிகளின் தண்ணீர் ஒற்றை இலக்கத்திலிருந்து பதினைந்து டிகிரி வரைதான். அந்தக் குளிரில் இந்த லைன் ரீலிலிருந்து சுருள் சுருளாகவே வெளியே வரும். எவ்வளவு நீட்டி இழுத்தாலும் சில நிமிடத்தில் திரும்பச் சுருளும். வளையத்தில் சிக்கும், வீச்சு தூரம் பாதியாகும். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. தண்ணீரில் லைன் நெளிந்து கிடந்தால் மீன் கடித்தது கைக்குத் தெரியாது. நீங்கள் இழுக்கும் முதல் ஒன்றரை அடி அந்த நெளிவை நிமிர்த்தவே போய்விடும், முள் ஏறாது.

ஆகவே குளிர்நீருக்கான பைக் லைன் வாங்குங்கள். பின்னல் நடுநார், மென்மையான பூச்சு, எடை முழுவதும் முன்பக்கம் குவிந்த குட்டையான தலை. 9 வெயிட்டின் பொதுத் தரம் முதல் 30 அடிக்கு 240 கிரெயின் (சுமார் 15.5 கிராம்). பைக் லைன்கள் அதைவிடக் கனமாகவே வரும். 20 செ.மீ. ஃபிளையை ஒரே ஒரு பின்வீச்சில் தூக்கி எறிவதற்கு அந்தக் கனம் வேண்டும். மிதவை ஒன்று, இன்டர்மீடியட் ஒன்று (நொடிக்கு 2.5 முதல் 5 செ.மீ. இறங்குவது), தனித்தனி ஸ்பூலில். ஜூன் இரண்டாம் வாரம் என்றால் பெரும்பாலான நேரம் மிதவைதான் வேலை செய்யும். குளிர்காற்று அடித்து மீன் ஆழத்துக்கு நகர்ந்தால் இன்டர்மீடியட்.

புது லைனைக் கோலாலம்பூர் வெயிலில் பழகிப் பார்க்காதீர்கள். மென்பூச்சு இந்தச் சூட்டில் துவண்டு வளையத்தில் ஒட்டும், காரின் பூட்டில் ஒரு மதியம் கிடந்தாலே அதன் வழவழப்பு போய்விடும். பயிற்சி எல்லாம் பழைய லைனிலேயே செய்யுங்கள். புதியதை இங்கே ரீலில் சுற்றுவதோடு சரி.

பேக்கிங் (லைனுக்கு அடியில் ரீலில் சுற்றும் நூல்) 20 அல்லது 30 பவுண்டு, 100 மீட்டர் இருந்தால் தாராளம். பைக் நீளமாக ஓடாது. குட்டையாகப் பாயும், தலையை உதறும், படகைக் கண்டதும் அடியில் முட்டிப் போகும். ரீலின் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தக் காசை இரண்டாவது ராடில் போடுங்கள். கனமான ஃபிளை நுனியில் ஒரு தடவை தட்டினால் கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அடுத்த மீனில் ஒடியும். பக்கத்துக் கடைக்குப் போக விமானம் வேண்டிய இடத்தில் ஒரே ராடை நம்பி நிற்கக் கூடாது.

கெப்போங்_கட்டுமேசை

லைனை அவர் சொல்லிவிட்டார். நான் லீடரும் ஃபிளையும் மட்டும்.

பைக்கின் கீழ்த்தாடை ஓரத்தில் கோரைப்பல் மாதிரி நிமிர்ந்த பற்கள், மேலண்ணம் முழுக்க உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள். லைனை அறுப்பது அந்தக் கீழ்ப் பற்கள். மீன் ஃபிளையை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டு தலையை உதறும்போது லீடர் அதன்மேல் குறுக்காக ஓடும். தோமானும் கடித்து நசுக்கும்தான், ஆனால் பைக்கின் பல்லில் இழுவையோடு உரசும்போது 60 பவுண்டு ஃபுளோரோகார்பன் போதாது.

மிதவை லைனுக்கு லீடர் இப்படி: 90 செ.மீ. 40 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்), அதோடு 50 செ.மீ. 25 பவுண்டு மோனோ, கடைசியில் 40 செ.மீ. முடிச்சுப் போடக்கூடிய வயர், 30 பவுண்டு. மொத்தம் 1.8 மீட்டர். இதைவிட நீளமாக்கினால் பெரிய ஃபிளை புரண்டு விழாது, லீடர் குவியலாக மேலேயே கவிழும். இன்டர்மீடியட்டுக்கு மொத்தமே 1 முதல் 1.2 மீட்டர். நீளமாக இருந்தால் லைன் கீழே போகும், ஃபிளை மேலேயே மிதந்து வரும்.

மோனோவையும் வயரையும் ஆல்பிரைட் முடிச்சில் சேருங்கள்: வயரை மடித்து, அதன்மேல் மோனோவைப் பத்துப் பன்னிரண்டு சுற்று. நனைத்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள். வயரின் வால்முனையை ஒட்ட வெட்ட வேண்டும், 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒவ்வொரு வீச்சிலும் நாணலை வாரிக்கொண்டு வரும். மறுமுனையில் 30 முதல் 50 பவுண்டு தாங்கும் சின்ன ஸ்னாப் (ஃபிளையை மாட்டும் கொக்கி). விரைத்த விரலோடு படகில் ஃபிளை மாற்றும்போது அதன் அருமை தெரியும். ஒற்றை இழை எஃகு வயர் வேண்டாம், ஒரே மீனில் மடங்கி அந்த மடிப்பிலேயே அறும். பல இழை மென்வயர் அல்லது நிக்கல்-டைட்டானியம் எடுங்கள். இந்த வயர்த் துண்டுகளைப் பத்துப் பன்னிரண்டு வீட்டிலேயே கட்டி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் பலமாக இழுத்துச் சோதித்து, தனித்தனிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஃபிளை: 10 செ.மீ. சின்னது. 3/0 இலிருந்து 4/0 முள், 15 முதல் 22 செ.மீ. நீளம். எண்ணிக்கை பதினெட்டு போதும், ஆனால் கலவை சரியாக இருக்க வேண்டும்.

- எடை இல்லாத டிசீவர் வகை (சிறு மீன் உருவம்), ஏழெட்டு. வெள்ளை-சிவப்பு, மஞ்சள்-ஆரஞ்சு, சார்ட்ரூஸ் (மஞ்சள்-பச்சை).
- முயல்தோல் கீற்று வகை, நான்கு. இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை.
- கிளவுசர் கண் (கனமான உலோகக் கண்) வைத்த ஹாஃப் அண்ட் ஹாஃப், நான்கு. இன்டர்மீடியட்டுக்கும் குடா வாய்க்கும்.
- டால்பெர்க் டைவர் (மேல்மட்டத்தில் மிதந்து, இழுத்தால் மூழ்குவது), இரண்டு மூன்று. காற்றில்லாத மாலைக்கு.

முயல்தோல் தண்ணீரில் நிறுத்தினாலும் துடிக்கும், ஆறின (குளிரில் மந்தமான) மீனுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் 15 செ.மீ. கீற்று நனைந்தால் கனக்கும். 9 வெயிட்டில் நாள் முழுக்க வீச முடியாது. அதனால் நான்கோடு நிறுத்துங்கள். மான்வால் மயிரும் செயற்கை நாரும் ஒரு பின்வீச்சில் தண்ணீரை உதறிவிடும்.

நீள வால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொண்டால் ஃபிளை பக்கவாட்டில் சுழன்று வரும், பைக் பின்னாலேயே வந்து திரும்பிவிடும். கட்டும்போது வாலுக்கு அடியில் 20 பவுண்டு மோனோவில் ஒரு சின்ன வளையம் தாங்கலாக வைத்தால் இது நிற்கும். கடைசியாக, பார்ப் (முள் முனைக்குப் பின்னுள்ள எதிர்க்கூர்) இல்லாத முள்ளோடு போங்கள். பார்பை இடுக்கியால் முழுசாக நசுக்கினாலும் போதும். கட்டுவதற்கு முன்பே நசுக்குங்கள். சில முள் அந்த அழுத்தத்தில் முனையோடு ஒடியும், கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் உழைப்பு வீண்.

ரவாங்_ஈயக்குட்டை

வயர் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. 60 பவுண்டு போதாது என்பது சரி. ஆனால் 80 பவுண்டு ஃபுளோரோகார்பனில் பைக் பிடிக்கிறவர்கள் நிறைய. அது விறைப்பாக நிற்பதால் ஃபிளை நன்றாகப் புரளும், வால் சிக்குவது குறையும், வயர் மாதிரி சுருண்டு போகாது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரல் நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டினால் போதும்.

கெப்போங்_கட்டுமேசை

அண்ணே, தடவிப் பார்க்கும் ஒழுக்கம் இருக்கிறவருக்கு 80 பவுண்டு சரிதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு குடாவில் மீன் வரிசையாகக் கடிக்கும்போது யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அறுந்தால் நமக்கு ஒரு ஃபிளைதான் போகும், மீனுக்கு வாயில் 4/0 முள்ளோடு திரிகிற நிலை. 80 பவுண்டில் முடிச்சு இறுகுவதும் கஷ்டம், குளிரில் இன்னும் கஷ்டம். இவருக்கு இது முதல் பைக். வயரிலேயே போகட்டும்.

ஐ.ஜி.எஃப்.ஏ. (மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் உலக அமைப்பு) ஃபிளை சாதனைக்குப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் அளவு கவனிக்கவும்: கிளாஸ் டிப்பெட் (சாதனை வகுப்பைத் தீர்மானிக்கும் மெல்லிய லீடர்ப் பகுதி) குறைந்தது 38 செ.மீ., வயரோ தடித்த ஃபுளோரோகார்பனோ முடிச்சையும் சேர்த்து 30.48 செ.மீ.க்குள். அந்த எண்ணம் இல்லையென்றால் 40 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள், பெரிய மீன் ஃபிளையை ஆழமாக வாங்கும்.

செந்தூல்_9வெயிட்

மிக்க நன்றி. லைன், லீடர் தெளிவாகிவிட்டது. இன்னொன்று: தோமானுக்கு விடியற்காலை ஐந்தரைக்கே படகில் இருப்போம். அங்கேயும் அப்படியா? ஏரி நூற்றுக்கணக்கான தீவுகளோடு கடல் மாதிரி இருக்கிறது. கைடு இருந்தாலும், எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று புரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

ஜார்ஜ்டவுன்_வடகாற்று

இந்தக் கேள்விதான் உங்கள் பயணத்தையே முடிவு செய்யும். ஜூனில் பெரிய பைக்கைத் தேடுவது என்றால் சூடான தண்ணீரைத் தேடுவது. விடியற்காலை அங்கே நாளின் மிகக் குளிர்ந்த நேரம். அப்போது எழுந்து ஓடுவதில் பயனில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அந்த ஏரிகளில் பனிக்கட்டி மே கடைசியிலிருந்து ஜூன் முற்பாதிக்குள் உடையும், பெரிய ஏரிகளில் இன்னும் தாமதம். பைக் பனி உடைந்த உடனேயே ஆழமில்லாத, போன வருட நாணலும் புல்லும் கிடக்கும் குடாக்களில் முட்டையிடும். முட்டையிட்ட பிறகும் பெரிய மீன்கள் அங்கேயே சில வாரம் தங்கும். ஒரு மீட்டரைத் தாண்டியவை அநேகமாக எல்லாமே பெண். உடம்பு தேற அவற்றுக்குச் சூடும் இரையும் வேண்டும். நடு ஏரி 5, 6 டிகிரியில் இருக்கும்போது, கரிய சேற்றுத் தரை கொண்ட அரை மீட்டர் ஆழக் குடாவின் உள்மூலை மதிய வெயிலில் 13, 14 டிகிரிக்கு ஏறிவிடும். ஏரியின் பெரிய மீன்களில் கணிசமான பங்கு அந்தச் சின்னப் பரப்பில் வந்து நிற்கும். ஆண்டில் வேறு எந்தக் காலத்திலும் அவை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு ஆழமில்லாத இடத்தில் கிடைக்காது. ஜூலை பாதிக்குமேல் அவை வெளிப்புற நீர்க்கொடிப் புதர்களுக்கும் பாறை விளிம்புகளுக்கும் போய்விடும். நீங்கள் தேர்ந்தெடுத்த வாரம் சரியான வாரம்.

கைடு பார்ப்பது இவற்றை: குடா வடகாற்றிலிருந்து மறைந்திருக்கிறதா, வெயில் நாள் முழுக்க விழுகிறதா, தரை கறுப்பா, உள்ளே ஓடை வந்து சேர்கிறதா, பழைய நாணல் நிற்கிறதா. ஏரியின் வடகரைக் குடாக்கள் இதனால்தான் முதலில் சூடாகும். தெற்கிலிருந்து மிதமான காற்று இரண்டு நாள் அடித்தால் மேல்மட்டச் சுடுநீரையும் அங்கேயே தள்ளிச் சேர்க்கும்.

ஒரு சின்ன நீர் வெப்பமானியை நூலில் கட்டி எடுத்துப் போங்கள். குடா வாயில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, உள்மூலையில் ஓர் அளவு. இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே மீன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 10 டிகிரிக்குக் கீழ் என்றால் மீன் இருந்தாலும் ஆறிப்போய்க் கிடக்கும். முயல்தோல் ஃபிளை, மெதுவான இழுப்பு, நீண்ட நிறுத்தம். 12 தாண்டினால் துரத்தும்.

காலையில் குடா வாயிலும் அதன் வெளிச்சரிவிலும் இன்டர்மீடியட் லைனோடு தொடங்குங்கள். பகல் ஏற ஏற உள்ளே போங்கள். மதியம் இரண்டிலிருந்து ஆறு மணி வரைதான் நல்ல நேரம். அங்கே ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை. வடக்கிலிருந்து குளிர்காற்று திரும்பினால் ஒரே இரவில் குடாவின் சூடு இறங்கிவிடும், மீன் வாய்ப்பக்கம் பின்வாங்கும். முந்தின நாள் பத்து மீன் கிடைத்த மூலையிலேயே நாள் முழுக்க நின்று வீசுவது அப்போது வீண். வெப்பமானியை மறுபடி இறக்குங்கள்.

குடாவுக்குள் எஞ்சினோடு போகக் கூடாது. வாயிலேயே அணைத்துவிட்டு, காற்றில் மிதந்தோ துடுப்பிலோதான். அலுமினியப் படகில் இடுக்கி விழுந்தாலே அரை மீட்டர்த் தண்ணீரில் நிற்கும் மீன் விலகிவிடும். போலரைஸ்டு கண்ணாடி செம்பு அல்லது ஆம்பர் நிறத்தில் வேண்டும். சாம்பல் நிறக் கண்ணாடியில் கரிய தரைமேல் நிற்கும் மீனைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். மூழ்கிய மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும் நிழல் ஒவ்வொன்றையும் நம்பாமல் பாருங்கள். வால் லேசாக அசைந்தால் அது பைக்.

கண்ட மீனின் தலைமேல் போடாதீர்கள். ஒன்றரை மீட்டர் முன்னால், அதற்கு அப்பால் விழவைத்து, பார்வையில் குறுக்காக இழுத்து வாருங்கள். பைக்கின் கண் மேல்நோக்கி இருக்கிறது. ஃபிளை மீனின் மட்டத்திலோ சற்று மேலேயோ போக வேண்டும், அடியில் போனால் கவனிக்காது. 12 முதல் 18 மீட்டர் வீச்சு போதும்.

பாயான்லெப்பாஸ்_ஃபிளை

மேலே சொன்னதோடு இழுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடி நீளமாக ஒரு இழுப்பு, நிறுத்தம், இரண்டு குட்டை இழுப்பு, நிறுத்தம். பெரும்பாலான கடி நிறுத்தத்தில்தான் விழும். லைன் கனமாக மட்டும் தெரியும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் நகரும். ராடைத் தூக்காதீர்கள். நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி வைத்து இடக்கையால் லைனை நீளமாக, பலமாக இழுங்கள். தோமானுக்குச் செய்வதேதான். ஒரு வித்தியாசம்: பைக் ஃபிளையைக் குறுக்காக அழுத்திப் பிடித்துக்கொள்ளும், முதல் இழுப்பில் முள் நகராமலே இருக்கலாம். தலையை உதறும்போது வாயைத் திறக்கும், அந்த நொடியில் விழுந்துவிடும். அதனால் உடனே இரண்டாவது முறையும் இழுத்துவிட வேண்டும். முள் முனை கட்டைவிரல் நகத்தில் வழுக்கினால் அரம் போடுங்கள்.

பின்தொடர்ந்து வரும் மீன் அங்கே மிக அதிகம். ஃபிளைக்கு ஓர் அடி பின்னால் படகுவரை வந்து நிற்கும். அப்போது ஃபிளையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே கூடாது. லீடர் முடிச்சு நுனி வளையத்துக்குள் நுழையாமல் ஒரு மீட்டர் வெளியே இருக்கும்படி நிறுத்தி, ராட் நுனியைத் தண்ணீருக்குள் அரை மீட்டர் அமிழ்த்தி, அகலமாக 8 வடிவில் எட்டுப் போடுங்கள். திருப்பம் அகலமாக இருக்க வேண்டும், ஒரு மீட்டர் மீனால் குறுகலாகத் திரும்ப முடியாது. திருப்பத்தில் வேகத்தைக் கூட்டினால் வெளிப்பக்கமாக வந்து அடிக்கும். மீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு எட்டு போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கலங்கல் நீரில் பின்னால் வந்தது நமக்குத் தெரியாது.

தளர்ந்த லைன் படகுத் தரையில் கிடக்கும், காற்று அதை எஞ்சின் கைப்பிடியிலும் காலணியிலும் மாட்டிவிடும். மடக்கக்கூடிய துணிக்கூடை ஒன்றைக் காலடியில் வைத்து அதற்குள் இழுத்துப் போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ரவாங்_ஈயக்குட்டை

மீனைக் கையாள்வது பற்றி யாரும் சொல்லவில்லை, அது மிக முக்கியம். அந்தக் குளிரில் பைக் மிக மெதுவாக வளரும். ஒரு மீட்டர் மீன் பல வருடக் கணக்கு. அது ஒன்று செத்தால் அந்தக் குடா சீக்கிரம் ஈடு கட்டாது.

தோமானுக்குப் பயன்படுத்தும் உதட்டுக் கிரிப்பில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். எட்டு, பத்து கிலோ எடை தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். கிரிப்பை வீட்டிலேயே வையுங்கள். விடுதியில் ரப்பர் பூசிய பெரிய வலையோ தொட்டில் வலையோ இருக்கிறதா என்று முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். முடிச்சுள்ள நைலான் வலை வழவழப்பை உரித்துத் துடுப்பைக் கிழிக்கும்.

வலைக்குள், மீன் தண்ணீரிலேயே இருக்கும்போது முள்ளை எடுங்கள். 28 செ.மீ. நீள மூக்கு இடுக்கி வேண்டும், மருத்துவக் கத்தரி அளவு இடுக்கி போதாது, கை பல்லுக்குள் போகும். முள் ஆழத்தில் இருந்தால் செவுள் திறப்பின் வழியாக இடுக்கியை நுழைத்து, செவுள் இழையைத் தொடாமல், முள்ளைப் பின்பக்கமாகப் புரட்டி எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கம்பி வெட்டியால் முள்ளையே துண்டியுங்கள். 4/0 முள்ளை வெட்டும் பலமுள்ள வெட்டியா என்று இங்கேயே பழைய முள்ளில் சோதித்துப் பாருங்கள். முள் நம் கையில் ஏறினாலும் அதே வெட்டிதான் உதவும்.

படம் எடுக்க: கேமரா தயாரான பிறகே தூக்குங்கள். கை நனைந்திருக்க வேண்டும். ஒரு கை செவுள் மூடியின் ஓரத்து உள்விளிம்பில் (சிவப்பு இழையில் விரல் படக் கூடாது), மறு கை வயிற்றுக்கு அடியில், மீன் கிடைமட்டமாக. பத்து நொடி. பிறகு தண்ணீரில் வாலைப் பிடித்து நிமிர்த்தி வையுங்கள், அது தானாக உதறிப் போகும்வரை விடாதீர்கள்.

எடை தெரிய வேண்டுமென்றால் தராசு வேண்டாம். வலையிலேயே நீளத்தை அங்குலத்தில் அளந்து, மும்மடி எடுத்து 3,500 ஆல் வகுத்தால் சுமாரான பவுண்டு கிடைக்கும். 40 அங்குலத்துக்கு 18 பவுண்டு, 45 க்கு 26 பவுண்டு. ஐந்து அங்குலத்தில் எட்டு பவுண்டு கூடுகிறது. 45 அங்குல மீன் ஏன் அவ்வளவு அரிது என்பது இதிலேயே புரியும். பக்கத்து மாகாணமான மனிடோபாவில் மாஸ்டர் ஆங்லர் விருதுக்கான (பெரிய மீன் பிடித்தவருக்குத் தருவது) பைக் அளவு 41 அங்குலம். உங்கள் குறிக்கு அது நல்ல அளவுகோல். உலகச் சாதனை 55 பவுண்டு 1 அவுன்ஸ், 1986 இல் ஜெர்மனியில் பிடிபட்டது.

ஜார்ஜ்டவுன்_வடகாற்று

மூட்டை பற்றி. 50 பவுண்டு என்பது கையிலுள்ள பையையும் சேர்த்து. மிதவை விமானத்தில் ஆளையும் நிறுத்துக் கணக்கிடுவார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளே நுழையாது, மடங்கும் நீர்புகாத துணிப்பை கொண்டுபோங்கள். நான்கு துண்டு ராட் குழாய் சுமார் 80 செ.மீ.தான், பைக்குள்ளேயே வைக்கலாம்.

உடை: நம் ஊர் ஆள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுவார். காற்று 8 டிகிரி, படகு வேகமாகப் போகும்போது உடம்பில் படுவது அதைவிடக் குளிர். உள்ளே கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே மழைக்கோட்டும் மார்புவரை வரும் மழைக்கால்சட்டையும். விரல் நுனி திறந்த கையுறை இரண்டு ஜோடி, ஒன்று எப்போதும் நனைந்திருக்கும். ரப்பர் பூட்ஸ் விடுதியில் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைத்தால் இரண்டு கிலோ மிச்சம்.

கொசுவுக்கும் கருப்பு ஈக்கும் தலைவலை ஒன்று. டீட் கலந்த மருந்தைக் கையில் பூசிக்கொண்டு லைனைத் தொட்டால் பூச்சு கரையும், கண்ணாடிச் சட்டமும் ரீல் கைப்பிடியும்கூடப் பிசுபிசுக்கும். பிகாரிடின் வாங்குங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர், சைவம், ஹலால் எதுவானாலும் பணம் கட்டும்போதே எழுதிவிடுங்கள். சாமான் வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவது. போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. மதியம் கரையில் இறங்கிச் சின்ன மீனைப் பொரிப்பார்கள். ஒரு சின்ன டப்பா மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம் வைத்துக்கொள்ளுங்கள், 100 கிராமுக்கு மேல் வராது, கைடும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே போடுங்கள். டிக்கெட் அமெரிக்கா வழியாக இருந்தால் அதற்கும் தனி விசா; தோக்கியோ, தைப்பே, ஹாங்காங் வழியாக வான்கூவர் போனால் அந்தத் தொல்லை இல்லை. மிதவை விமானம் வானிலைக்காகத் தாமதமாகலாம் என்பதால் போகும்போதும் வரும்போதும் சஸ்காட்டூனில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

செந்தூல்_9வெயிட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு லைன், இரண்டு ராட், வயர், 4/0 ஃபிளை, வெப்பமானி, நீள இடுக்கி, வெட்டி எழுதிக்கொண்டேன். கடைசிக் கேள்வி: 20 செ.மீ. ஃபிளை வீசிப் பழக்கமில்லை. இங்கே எப்படிப் பயிற்சி செய்வது?

பாயான்லெப்பாஸ்_ஃபிளை

வளைவோடு முள்ளை வெட்டிய பழைய ஃபிளை ஒன்றை நனைத்து, பக்கத்துப் பாடாங்கில் காற்று அடிக்கும் சாயங்காலம் போங்கள். உலர்ந்த ஃபிளையில் பழகினால் பயனில்லை. தலைக்கு மேல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் வீசாமல், பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக எடுத்து, நிறுத்தாமல் வளைத்து, முன்வீச்சைத் தலைக்கு மேலே கொண்டுவாருங்கள். லைன் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், கனமான ஃபிளை திரும்பும்போது உதறாது, ராடிலும் தட்டாது. பின்வீச்சு ஒன்று, அடுத்தது விடுவது. மூன்று, நான்கு முறை ஆட்டினால் தோள்பட்டை இரண்டாம் நாளே போய்விடும்.

காற்று வலத்தோள் பக்கமிருந்து வரும்போது ஃபிளை முகத்தை நோக்கி வரும். அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சிலேயே லைனை விடப் பழகுங்கள். படகில் கைடு பின்னால் உட்கார்ந்திருப்பார், நண்பர் முன்னால் நிற்பார். யார் பக்கம் ஃபிளை போகும் என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் வீசும்போது மற்றவர் லைன் தண்ணீரில் இருக்க வேண்டும். 15 மீட்டர் தூரத்தில் ஒரு வாளியை வைத்து, பத்துக்கு ஏழு அதற்கு அப்பால் ஒரு மீட்டருக்குள் விழுந்தால் அந்தக் குடாக்களுக்கு அது போதும்.